ஆண்டையும் சர்க்காரும்: தென்னார்க்காட்டுப் பண்ணை அடிமைமுறை

ஆதனூர் நந்தன் சிதம்பரம் போய்வர ஆண்டையிடம் அனுமதி கேட்டு நிற்கும் காட்சி, கதாகாலட்சேபம் கேட்ட தலைமுறைக்கும் சினிமா பார்த்த தலைமுறைக்கும் மனப்பாடம். ஆனால் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அந்த ஆண்டையே கிடையாது. அங்கே நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுக்கும் ஊர்த்தொழிலுக்காக விடப்பட்ட நிலத்தை வைத்துப் பிழைப்பவர். அவர் நாளை நாளை என்று தயங்குவது தம் பிறப்பை எண்ணித்தான். நடவு முடியவில்லை என்பதற்காக அல்ல. நாற்பது வேலியையும் விளைத்துக் காட்டிவிட்டுப் போ என்று கட்டளையிடும் வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை, 1860-களின் தொடக்கத்தில் காரைக்காலில் பணியாற்றிய ஒரு பிரெஞ்சு அதிகாரியின் உதவியால் அச்சேறியது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காவியத்தில் தேவைப்படாத பண்ணையார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏன் தேவைப்பட்டார்? பாரதியார் கற்பனையைத் தேடி வெகுதூரம் போயிருக்க வேண்டியதில்லை. கொள்ளிடத்தின் இரு கரையிலும் அவரைச் சுற்றி இருந்தது அந்தப் பண்ணை உலகம்தான்.

கீர்த்தனை அச்சேறிய அதே காலகட்டத்தில், 1861-இல், ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் தம் நாட்டுப் பண்ணையடிமைகளை விடுவித்து ஆணை பிறப்பித்தார். தனியார் நிலக்கிழார்களுக்குக் கட்டுப்பட்டிருந்த சுமார் 2 கோடியே 30 லட்சம் பேரைத் தொட்ட ஆணை அது. டால்ஸ்டாயையும் துர்கனேவையும் தமிழில் படித்து வளர்ந்த நம் வாசகர்களில் பலருக்கு ரஷ்யப் பண்ணையடிமையைத் தெரிந்த அளவு தென்னார்க்காட்டின் காட்டுமன்னார்கோயில் பண்ணையாளைத் தெரியாது. இரண்டு இடத்திலும் சர்வாதிகாரம் செலுத்திய அரசு, மண்ணோடு கட்டப்பட்ட மனிதர்களின் உழைப்பில்தான் வாழ்ந்தது. ஆனால் கட்டிய விதம் வேறு, அவிழ்த்த விதமும் வேறு.

தென்னார்க்காட்டின், அதாவது கடலூர் வட்டாரத்தின், கதை ஆங்கிலேயரோடு தொடங்கவில்லை. சோழர் கல்வெட்டுகளில் மனிதர்களைக் கோயிலுக்கு விற்ற செய்திகள் உண்டு. பஞ்சம் தாளாமல் திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளர் தம்மையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதை 1201-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கடற்கரைக்கு டச்சுக்காரர்கள் வந்த பிறகு விற்பனை கப்பலேறியது. 1622-23-இல் பழவேற்காடு, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஏறத்தாழ 1,900 அடிமைகள் ஏற்றுமதியானதாக வரலாற்றாய்வாளர் மார்கஸ் விங்க் கணக்கிட்டிருக்கிறார். மழை பொய்த்தபோதும் படை வந்தபோதும் இந்தச் சரக்கின் விலை இறங்கியது, ஏற்றுமதி கூடியது. 1690-இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது சில ஆண்டுகள் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே கடலூர்தான்.

வணிகக் கம்பெனி அரசாங்கமானதும் அதன் வயிறு நிலவரியை நம்பியிருந்தது. தென்னார்க்காட்டில் வேரூன்றிய ரயத்துவாரி முறையில் பட்டாதாரர் நேரே சர்க்காருக்கு வரி கட்டவேண்டும். வரி கட்ட நெல் வேண்டும்; நெல்லுக்குச் சேற்றில் இறங்க ஆள் வேண்டும். மிராசுதாரில் பலர், குறிப்பாகப் பிராமணர், ஏர் பிடிப்பதில்லை. ஆகவே கலெக்டர் கச்சேரியின் வரிக்கணக்கு, சேரியில் விடிவதற்கு முன் எழுந்து வயலுக்குப் போகும் பண்ணையாளின் முதுகில்தான் நின்றது. அந்த ஆளைப் பற்றி ரயத்துவாரிக் கணக்கில் ஒரு வரிகூடக் கிடையாது. கம்பெனி பார்த்ததெல்லாம் பட்டாதாரரை. பட்டாதாரர் யாரை வைத்து விளைத்தார் என்பது அவர் வீட்டு விவகாரம்.

1819-இல் சென்னை வருவாய் வாரியம் கலெக்டர்களிடம் இதுபற்றி விசாரித்தது. தென்னார்க்காட்டில் அடிமைகள் ஆண், பெண், குழந்தைகள் சேர்த்துச் சுமார் 17,000 பேர் என்று பதில் போனது. இந்த எண்ணை அப்படியே நம்பத் தேவையில்லை. அடிமை என்று யாரைச் சேர்ப்பது என்பதைச் சொன்னவர்கள் கிராமத்து மிராசுதாரும் கணக்குப்பிள்ளையும்தான். நிலத்தோடு விற்கப்படுகிறவர், நிலமில்லாமலே விற்கப்படுகிறவர், கல்யாணக் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிறவர், ஓர் ஆண்டுக்கு மட்டும் ஒப்புக்கொண்ட படியாள் என்று பல படிகள் இருந்தன. ஒரே சேரியில், ஒரே குடும்பத்தில்கூட இவை கலந்திருந்தன. பெரும்பாலோர் பறையர். கூலி மரக்கால் கணக்கில் நெல். அறுவடையில் களத்துமேட்டுப் பங்கு. பொங்கலுக்கு வேட்டி புடவை. இதையெல்லாம் ஆண்டையின் கருணையாக எழுதிவைத்த அதிகாரிகள் பலர். லண்டனில் அடிமை ஒழிப்புக் கிளர்ச்சி உச்சத்தில் இருந்த காலம் அது. எங்கள் ஜில்லாவில் இருப்பது அந்த மாதிரி அடிமைத்தனம் இல்லை என்று சொல்லவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. 1833-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறையை ஒழித்துத் தோட்ட முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்கள் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன.

ரஷ்யாவில் இந்தக் கட்டு எழுத்திலேயே இருந்தது. 1649-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, ஓடிப்போன குடியானவரைக் கால வரம்பின்றித் தேடிப் பிடிக்கும் உரிமையை நிலக்கிழாருக்குக் கொடுத்தது. முதலாம் பீட்டர் தலைவரி விதித்து, அதை வசூலிக்கும் பொறுப்பையும் படைக்கு ஆள் கொடுக்கும் பொறுப்பையும் நிலக்கிழார் தலையில் வைத்தார். 1767-இல் இரண்டாம் கேத்தரின், எஜமானர் மேல் புகார் மனு கொடுப்பதையே குற்றமாக்கினார். அரசும் ஆண்டையும் பங்காளிகள் என்பது பட்டவர்த்தனம். அடிமைகளை அடகுவைத்து அரசு வங்கியில் கடன் வாங்கலாம்; விடுதலைக்குச் சற்று முன்பு தனியார் அடிமைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் இப்படி அடமானத்தில் இருந்தார்கள். கோகோலின் நாயகன் சீச்சிக்கோவ், செத்துப்போயும் பதிவேட்டில் உயிரோடிருந்த அடிமைகளைச் சல்லிசாக வாங்கி அடகுவைக்கக் கிளம்பியது இந்த ஏற்பாட்டின் ஓட்டையில்தான். எழுத்தில் கட்டியதால் எழுத்தில்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது. 1861-இன் ஆணை நிலமும் கொடுத்தது. அதற்கு 49 ஆண்டுத் தவணையில் விலையும் கேட்டது. நல்ல நிலத்தை ஆண்டைகள் வெட்டி எடுத்துக்கொண்டார்கள், தவணையில் கிராமங்கள் நசுங்கின. ஆயினும் விடுதலையில் நிலம் என்ற கேள்வி இடம்பெற்றது.

கோகோலின் நாவல் வெளிவந்தது 1842-இல். மறு ஆண்டு இங்கே 1843-இன் ஐந்தாம் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். வரிப்பாக்கிக்கோ தீர்ப்புக் கடனுக்கோ எந்த அதிகாரியும் அடிமையை விற்கக்கூடாது. அடிமை உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டக்கூடாது. அடிமை என்று சொல்லி ஒருவருடைய சொத்தைப் பறிக்கக்கூடாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். முதல் பிரிவைப் படித்தாலே போதும், அதுவரை சர்க்கார் என்ன செய்துகொண்டிருந்தது என்பது விளங்கும். இந்தச் சட்டம் யாரையும் விடுவிக்கவில்லை, யாருக்கும் நிலம் கொடுக்கவில்லை, அடிமை வைத்திருப்பதைக் குற்றம் என்றும் சொல்லவில்லை. அதற்குத் தண்டனைச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீதிமன்றம் முகத்தைத் திருப்பிக்கொண்டது, அவ்வளவுதான். சேரிகளில் பலருக்குச் சட்டம் வந்த சேதியே தெரியாது.

ஆண்டை அதிகம் கவலைப்படவில்லை. விற்பனைப் பத்திரம் போனால் கடன் சீட்டு. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத கூலியாளைச் சிறைக்கு அனுப்ப 1859-இன் பதின்மூன்றாம் சட்டம் வழிசெய்தது. தோட்டக்காரர்களையும் கம்பெனிக்காரர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்ட அந்தச் சட்டம் 1920-கள் வரை நீடித்தது. அடிமைமுறையைக் கண்டுகொள்ளாத அரசு முன்பணத்தை மட்டும் நன்றாகக் கண்டுகொண்டது.

பண்ணை அடிமைமுறை பற்றிய ஆய்வுகளில் நடந்த விவாதங்களைப் பார்த்தால் இரண்டு பெரிய திருப்பங்கள் தெரிகின்றன. நிலமற்ற கூலிகள் என்ற வர்க்கமே ஆங்கிலேய ஆட்சியின் விளைவு என்று 1952-இல் சுரேந்திர படேல் எழுதினார். தர்மா குமார் 1965-இல் வெளியிட்ட நூலில் சென்னை மாகாண ஆவணங்களை அலசி அதை மறுத்தார்: பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மக்கள்தொகையில் 10 முதல் 15 சதவீதத்தினர் விவசாயக் கூலிச் சாதிகளைச் சேர்ந்தவர்கள், சாதிதான் அவர்களை நிலமற்றவர்களாக வைத்திருந்தது. அடுத்த திருப்பம் 2014-இல் ரூபா விஸ்வநாத் எழுதிய நூல். பறையர் பிரச்சினையை மதப் பிரச்சினை, சமூக வழக்கம் என்று அரசு பெயர்மாற்றி ஒதுக்கியதையும், உள்ளூர் மேல்சாதி அதிகாரிகளும் மிராசுதாரும் ஒரே தரப்பாக நின்றதையும் அவர் காட்டினார். சேரி மனைக்கட்டே மிராசுதாருடையது என்ற ஏற்பாட்டுக்கு அவர் கொடுக்கும் அழுத்தம் முக்கியமானது. எதிர்த்துப் பேசினால் வேலை மட்டும் போகாது, குடிசையும் போகும். தமிழில் ஆ. சிவசுப்பிரமணியனின் தமிழகத்தில் அடிமைமுறை, கல்வெட்டையும் ஓலையையும் வாய்மொழி வழக்கையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது. இவற்றில் தஞ்சைக்கும் செங்கற்பட்டுக்கும் கிடைத்த வெளிச்சம் கடலூருக்குக் கிடைக்கவில்லை என்பது ஒரு குறைதான்.

இத்தனைக்கும் இந்த ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு பொருளாதாரங்கள் உண்டு. தெற்கே வீராணம் பாசனம். 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணைக்குப் பிறகு சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல்லும் பெருகியது, பண்ணையாள் தேவையும் நிலைத்தது. வடக்கே, கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே கெடிலத்தையும் பெண்ணையாற்றையும் ஒட்டிய இன்றைய அண்ணாகிராமம் ஒன்றியப் பகுதியின் போக்கு வேறு. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை 1840-களிலேயே வந்துவிட்டது. நூற்றாண்டின் பிற்பகுதியில் மல்லாட்டை (நிலக்கடலை) பரவி, புதுச்சேரி வழியாகப் பிரான்ஸுக்குக் கப்பலேறியது. மல்லாட்டைக்குச் சில வாரம் ஆள் வேண்டும், ஆண்டு முழுக்க வேண்டாம். காசுக்கூலி இங்கே முன்னதாகப் பழகியதற்கு அது ஒரு காரணம். கிழங்கும் முந்திரியும் பலாவும் விளையும் செம்மண்ணில் ஆண்டையின் பிடி, வண்டல் மண்ணில் இருந்த அளவு இறுகவில்லை என்று சொல்லலாம். ஒழிந்தது என்று சொல்ல முடியாது.

கப்பலும் ஒரு கதவாக இருந்தது. 1830-களில் மொரிஷியஸுக்கும் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பிறகு மலேயாவுக்கும் பர்மாவுக்கும் தென்னார்க்காட்டார் போனார்கள். போன இடத்தில் கங்காணியின் கடன் காத்திருந்தது. ஆனாலும் பினாங்கிலிருந்து திரும்பியவர் காலில் செருப்போடு தெருவில் நடந்தார் என்பதே ஊரில் பெரிய கலவரம்.

1891-இல் செங்கற்பட்டு கலெக்டர் திரெமன்ஹீர் எழுதிய அறிக்கை, புறம்போக்குத் தரிசு நிலத்துக்குப் பறையர் மனுப் போட்டாலும் மிராசுதாரின் முன்னுரிமை அதைத் தடுப்பதை விவரித்தது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-இல், தரிசு நிலத்தை அவர்களுக்கு ஒதுக்க வழிசெய்த 1010-ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் வழக்காடப்படுவது இதிலிருந்து பிறந்ததுதான். ரஷ்யா 1861-இல் கேட்ட நிலக் கேள்வி இங்கே கேட்கப்பட இன்னும் முப்பத்தொரு ஆண்டு ஆயிற்று; அதுவும் எஞ்சிய தரிசில்.

மாற்றத்தின் மிச்சப் பாதையைச் சேரிக்காரர்களே போட்டார்கள். சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் தொடங்கிய பள்ளியில் பண்ணையாள் வீட்டுப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். ஆறு வயதில் மாடு மேய்க்கப் போகவேண்டிய பிள்ளை பலகையைப் பிடித்தால் ஆண்டைக்கு அடுத்த தலைமுறை ஆள் இல்லை. எந்தச் சட்டத்தை விடவும் இது நேரடியான அடி. காட்டுமன்னார்கோயில் பகுதியிலிருந்து வந்த எல். இளையபெருமாள் நாடாளுமன்றம் போனார். 1965-இல் அமைக்கப்பட்ட அவர் தலைமையிலான குழு தீண்டாமை பற்றி 1969-இல் கொடுத்த அறிக்கை நாடு முழுவதையும் பற்றிப் பேசியது. 1956-இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் வந்தபோது மாதச் சம்பளம் என்ற ஒன்று பக்கத்து ஊர்களுக்கு அறிமுகமாயிற்று.

கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 1975 அக்டோபர் 25 முதல் செல்லும். முன்பணக் கடனை ரத்து செய்கிறது, வைத்திருப்பவருக்குச் சிறை என்கிறது. இன்று வட தமிழ்நாட்டில் இந்தச் சட்டப்படி மீட்கப்படுவோர் நெல்வயலில் இல்லை. செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் கும்பல், கரும்பு வெட்டு ஆகிய இடங்களில். அவர்களில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் ஏராளம். மேஸ்திரி தரும் முன்பணத்துக்குச் சீட்டு கிடையாது. கோட்டாட்சியர் விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுத்தால் உடனடி உதவித்தொகை உண்டு. 2016-இல் மத்திய அரசு மறுவாழ்வுத் தொகையை, வகைக்கேற்ப ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் ரூபாய் வரை என்று உயர்த்தியது. ஆனால் முழுத் தொகையும் கைக்கு வர, கொத்தடிமையாக வைத்திருந்தவர் குற்றவாளி என்று தீர்ப்பாக வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது. சீட்டே எழுதாத கடனை நிரூபிக்கும் வேலை இப்போது நடைமுறையில் மீட்கப்பட்டவர் தலையில்.