இரண்டு திரையா, ஒரு பெரிய திரையா?

தர்மபுரியிலோ அரூரிலோ ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை உருவாவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டார் கையால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெயர்ப் பட்டியல் இடது திரையில். வலது திரையில் பத்திரிகை. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என வரிசை பிசகாமல் பெயர்கள் ஏறுகின்றன. கண் இங்கும் அங்கும் போய்வர, கை கீபோர்டை விட்டு எழுவதே இல்லை. மூலத்தோடு ஒப்பிட்டுச் செய்யும் வேலைக்கு இரட்டைத் திரைக்கு நிகரில்லை.

அதே கடையில் ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைக்கும்போது நிலைமை வேறு. நீளமான படத்தை நடுவில் ஒரு சட்டம் வெட்டக் கூடாது. அங்கே ஒற்றைப் பெரிய திரைதான் அழகு.

தமிழுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல்; 27 அங்குல 4கே திரையில் சுமார் 163. பொடி எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா, சுழி இரண்டா மூன்றா என்பதெல்லாம் இந்தக் கூடுதல் அடர்த்தியில்தான் பளிச்சென்று தெரியும்.

தட்டச்சு செய்பவருக்கும் மெய்ப்பு பார்ப்பவருக்கும் இரண்டு திரை. முதன்மைத் திரை முகத்துக்கு நேராக இருக்கட்டும், கழுத்து தப்பும். வடிவமைப்பாளருக்கு ஒன்றே போதும். எதை வாங்கினாலும், பணம் கட்டுமுன் சிறிய எழுத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து படித்துப் பாருங்கள்.