மருதத்தில் ஒரு குழந்தை

மருதத்திணையைப் பற்றி நம்மிடம் இரண்டு விதமான பேச்சுதான் இருந்து வருகிறது. ஒன்று பண்டிதர்களுடையது: தலைவன் பரத்தையிடம் போகிறான், தலைவி ஊடுகிறாள், வாயில் மறுக்கிறாள், கடைசியில் கற்பின் மேன்மையால் ஏற்றுக்கொள்கிறாள். இன்னொன்று சமூகவியல் படித்தவர்களுடையது: வயல், உபரி, சொத்து, அதன் விளைவாகப் பரத்தமை. இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டிலும் ஒரு ஆள் காணாமல் போகிறான். அவன் அந்த வீட்டுப் பிள்ளை. மருதப் பாட்டுகளில் அவன் தெருவில் சிறுதேர் உருட்டுகிறான், கட்டிலில் உறங்குகிறான், அப்பனுடைய பரத்தை அவனைத் தூக்கிக் கொஞ்சுகிறாள். அவனைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படித்தால் இந்தப் பாட்டுகளில் கணிசமானவை வேறொரு விஷயத்தைப் பேசுகின்றன என்று தெரியும். ஒரு ஆணும் பெண்ணும் தாய் தகப்பன் ஆன பிறகு அவர்களுக்கிடையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் அந்த விஷயம்.

நற்றிணை 370ஐ எடுத்துக்கொள்கிறேன். பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் மனைவியிடம் கணவன் வருகிறான். நெய்யும் வெண்சிறுகடுகுமாக வீடு இருக்கிறது. மகனைப் பெற்றதனால் உன் பெயர் மாறிவிட்டது, முதுபெண்டு ஆகிவிட்டாய், தூங்குகிறாயா என்று கேலியாகக் கேட்கிறான். குவளைப் பூவை அவள் வயிற்றில் ஒற்றுகிறான். அவள் அவனைப் பார்த்து மெல்லச் சிரித்துக் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். இவ்வளவுதான் பாட்டு. அவள் உடம்பில் ஓடியிருக்கும் வரிகளையும் திதலையையும் கவி மறைக்கவில்லை. அந்த உடம்பின் மேல்தான் பூ வைக்கப்படுகிறது.

இதைத் தாய்மையின் பெருமை என்று பாராட்டிவிட்டுப் போவது சுலபம். பாட்டு அங்கே நிற்கவில்லை. கணவன் இதைச் சொல்வது மனைவியிடம் இல்லை, பாணனிடம். சொல்லும் நேரம், அவள் ஊடல் நீண்டு, அவன் பொறுக்கமாட்டாமல் நிற்கும் நேரம் என்று துறைக்குறிப்பு சொல்கிறது. அதாவது, இந்த இனிமை நடந்து முடிந்துபோன ஒன்று. மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, வா பாணா, சிரிக்கலாம் என்று கூப்பிட்டு அவன் இதை நினைத்துக்கொள்கிறான். பெயர் மாறியதை அவன் அன்றைக்கு வேடிக்கையாகச் சொன்னான். அது வேடிக்கை இல்லை என்பது இப்போது தெரிகிறது.

பெயர் மாறுவது இந்தப் பாட்டோடு முடியவில்லை. குறுந்தொகை 8இல் பரத்தை தலைவனைக் கண்ணாடிப் பாவை என்று ஏளனம் செய்கிறாள்: எதிரே நிற்பவர் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் பாவை. அவன் யாருக்கு அப்படி ஆடுகிறான்? மனைவிக்கு என்று அவள் சொல்லவில்லை. அவனுடைய மகனைப் பெற்றவளுக்கு என்கிறாள். மனைவியிடம் தோற்கிறவன் இல்லை அவன், மகனின் தாயிடம் தோற்கிறான் என்ற நுட்பம் போட்டியில் இருக்கும் ஒருத்திக்குத்தான் முதலில் புலப்படும்.

நற்றிணை 40ஐச் சொல்பவளும் பரத்தைதான். பிள்ளை பெற்ற வீட்டின் காட்சி முழுக்க அதில் இருக்கிறது: மணல் பரப்பிய பந்தல், ஒலிக்கும் மணி, விரிச்சி கேட்டு நிற்கும் பெண்கள், செவிலியோடு உறங்கும் குழந்தை, நெய் பூசிக் குளித்துக் கண் மூடிக் கிடக்கும் தாய். அந்த நடுராத்திரியில் வீட்டுக்காரன் தன் வீட்டுக்குள்ளேயே திருடனைப் போல நுழைகிறான். அவன் வந்ததற்குக் காரணம், அவன் தகப்பனின் பெயரைத் தாங்கும் பேரன் பிறந்திருக்கிறான் என்பது. மனைவிக்காக அவன் வந்தான் என்று பரத்தை ஒப்புக்கொள்ளமாட்டாள்.

திருட்டு அகநானூறு 16இலும் வருகிறது. அங்கே சிக்குகிறவள் பரத்தை. தெருவில் யாருமில்லை என்று நினைத்துத் தலைவனின் மகனை அள்ளி அணைத்துக்கொள்கிறாள். தலைவி பார்த்துவிடுகிறாள். கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல அவள் தலை குனிந்து தரையைக் கீறிக்கொண்டு நிற்கிறாள். ஏன் கலங்குகிறாய், இவனுக்கு நீயும் தாய்தான் என்று தலைவி சொல்கிறாள். இது பெருந்தன்மையா, கத்தியா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அதைவிட முக்கியம், இதையெல்லாம் தலைவி கணவனிடம் விவரிக்கிறாள் என்பது. அவன்மீது உள்ள கோபத்தை நேரே சொல்லாமல், குழந்தைக்கு நடந்ததைச் சொல்வதன் வழியாகச் சொல்கிறாள்.

தொல்காப்பியம் கற்பியலில் பன்னிரண்டு வாயில்களை எண்ணிச் சொல்கிறது: தோழி, பாணன், விறலி என்று. அந்தப் பன்னிரண்டில் புதல்வன் இல்லை. பாட்டுகளில் அவன்தான் பெரிய வாயில். இலக்கணம் தவறவிட்டதைக் கவிகள் தவறவிடவில்லை.

இதற்கு நல்ல சாட்சி பேயனார். ஐங்குறுநூற்றில் முல்லை நூறும் அவருடையது. அதில் செவிலி கூற்றுப் பத்து (401-410), மகள் வீட்டுக்குப் போய்வந்த செவிலி நற்றாயிடம் சொல்லும் செய்தி. 409இல் தகப்பன் மகனை அணைத்திருக்கிறான். தாய் இருவரையும் சேர்த்து அணைத்திருக்கிறாள். உலகமே அதற்கு ஈடு என்கிறாள் செவிலி. குறுந்தொகை 359ஐப் பாடியவரும் இதே பேயனார் என்றுதான் கொள்ளப்படுகிறது. அது மருதம். நிலா, குறுங்கால் கட்டில், பூ மணக்கும் படுக்கை. யானை மாதிரிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு கணவன் மகனை ஆசையோடு தழுவுகிறான். மகனின் தாய் அவன் முதுகைத் தழுவுகிறாள். அதே கட்டில், அதே மூன்று பேர். முல்லையில் அவள் கைக்குள் இருவரும் அடங்குகிறார்கள். மருதத்தில் அவளுக்குக் கிடைப்பது முதுகு. அவன் முகம் குழந்தை பக்கம் திரும்பியிருக்கிறது. சமாதானம் நடந்துவிட்டது, உண்மை. எந்தத் திசையில் நடந்தது என்பதையும் கவி எழுதிவைத்திருக்கிறார். முல்லையை இல்லறத்தின் நிறைவு, மருதத்தை அதன் சீர்குலைவு என்று பிரித்துவைக்கும் பாடப்புத்தகப் பாகுபாடு இங்கே உதவாது. ஒரே படுக்கையின் இரண்டு இரவுகள் இவை.

பி.ஏ. வகுப்பில் கோல்ரிட்ஜ் 1798இல் எழுதிய 'நள்ளிரவில் உறைபனி'யைப் படித்தோம். தொட்டிலில் குழந்தை, அருகே தகப்பன், தன் பள்ளிப் பருவம், குழந்தையின் வருங்காலம், இயற்கை, கடவுள் என்று மனம் போகிறது. அருமையான கவிதைதான். அந்த வீட்டில் குழந்தையின் தாயும் இருக்கிறாள். உறங்கிப்போன வீட்டார்களில் ஒருத்தியாக மட்டும் இருக்கிறாள். பேயனாரிடம் அவளுக்கு முதுகாவது கிடைத்தது.

இதைப் பழம்பெருமை பேசுவதற்காகச் சொல்லவில்லை. பெயர் மாறும் சங்கதி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வங்கிக் கவுண்ட்டரில் கணவன் பெயரைக் கேட்டால், சொல்லாமல் பக்கத்தில் நிற்கும் பையனைச் சொல்லச் சொல்லும் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். சட்டத்திலும் இது இருந்தது. மைனர் குழந்தைக்குத் தகப்பன் கார்டியன், அவனுக்குப் 'பின்' தாய் என்றது 1956ஆம் வருஷச் சட்டம். நாவலாசிரியை கீதா ஹரிஹரனும் அவர் கணவரும் ரிசர்வ் வங்கிக்கு எதிராகப் போட்ட வழக்கில், அந்தப் 'பின்' என்பதை அவன் செத்த பின் என்று மட்டும் கொள்ள வேண்டாம், அவன் இல்லாத இடத்தில் என்றும் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் பொருள் சொன்னது. என் வீட்டிலும் இரண்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். நாங்கள் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டவர்கள். இப்போது, 'அப்பா இன்னிக்கும் லேட்டான்னு கேளும்மா' என்று, பேச்சே முழுதாக வராத குழந்தை வழியாகக் கேள்வி வருகிறது. நானும் அவள் வழியாகத்தான் பதில் சொல்கிறேன்.

இந்த மாற்றத்தை நவீனத் தமிழ் எழுத்து எப்படிப் பார்த்திருக்கிறது? ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' (1966) அலங்காரத்துக்கும் தண்டபாணிக்கும் இடையில் உள்ள மௌனத்தைத் தொடுகிறது. ஆனால் அப்புவின் கண்ணுக்கு எட்டிய அளவுதான் நமக்குக் கிடைக்கிறது. பெற்றோருடைய உறவை மகன் தீர்ப்புச் சொல்லும் விஷயமாக அது ஆக்கிவிடுகிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. குழந்தை இல்லாத காளியும் பொன்னாவும் நம் நாவல்களில் அபூர்வமான நெருக்கத்தோடு இருக்கிறார்கள். குழந்தை வேண்டும் என்ற ஊரின் குரல் அந்த நெருக்கத்தை உடைக்கிறது. 2014இல் வந்த 'ஆலவாய'னில் காளி இறந்துபோகிறான், 'அர்த்தநாரி'யில் உயிரோடிருந்து பொன்னாவைத் தண்டிக்கிறான். குழந்தை வயிற்றில் வந்தபின் இவர்கள் இருவரும் பழையபடி ஒரு கட்டிலில் படுக்கும் மூன்றாவது கதை ஒன்று எழுதப்படவில்லை. அது எழுத முடியாதது என்று ஆசிரியர் கருதினால் அதுவும் ஒரு தீர்ப்புதான்.

சல்மாவின் 'இரண்டாம் ஜாமத்துக் கதை' என்ற கவிதை இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. பிரசவங்களுக்குப் பிறகான இரவுகளில் மனைவியின் உடம்பில் களங்கமில்லாத பழைய அழகைத் தேடி ஏமாறும் கணவனைப் பற்றி அவளே பேசுகிறாள். நற்றிணை 370க்கு வெகு நூற்றாண்டுகள் கழித்து வந்த மறுமொழியாகவே நான் இதைப் படிக்கிறேன். அதே வயிறு, அதே வரிகள். அங்கே கணவன் பாணனிடம் சொன்னான். பெண்ணுக்குப் புன்னகையும் பொத்திய கண்ணும்தான் தரப்பட்டன. இங்கே பொத்திய கண் திறந்து நேராகக் கணவனிடம் பேசுகிறது. பேச்சில் புன்னகை இல்லை. இந்தக் கவிதையின் வெளிப்படைத்தன்மையைக் கண்டு முகம் சுளித்தவர்களுக்கு 370 பாடமாக இருந்திருக்கும். அவர்கள் அதைத் தாய்மை என்ற தலைப்பில் படித்து முடித்துவிட்டார்கள்.

கணவன் மனைவி உறவின் இந்தப் பகுதியை எழுதக் காதல் கவிதையின் சொற்களும் தாலாட்டின் சொற்களும் போதாது. சங்கக் கவிகள் அதற்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். செவிலி ஒன்றைப் பார்க்கிறாள், பரத்தை ஒன்றை, கணவன் ஒன்றை, தலைவி ஒன்றை. எவருடைய பார்வையும் இன்னொருவருடையதை ரத்து செய்வதில்லை. நாமோ ஒரே ஒரு 'நான்'ஐ வைத்துக்கொண்டு எழுதுகிறோம். இந்த வட்டத்தில் எழுதுகிறவர்களில் பலர் பிள்ளை பெற்றவர்கள். குழந்தையின் சிரிப்பு, குழந்தையின் உறக்கம், குழந்தை கலைத்துப் போட்ட பொம்மைகள் என்று கவிதைகள் வந்துகொண்டேயிருக்கின்றன. கட்டிலின் அந்தப் பக்கத்தில் படுத்திருப்பவரைப் பற்றி ஒரு வரி தேடினால் அகப்படுவதில்லை.