கூரையடித் தளத்துக்குப் பலகை

இலங்கையின் காலிக் கோட்டைக்குள் பழைய டச்சு வீடொன்றின் மேல்தளத்தைப் படுக்கையறையாக்குகிறவரும், கேரளத்தின் மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை அடுக்கிய பண்டகசாலையின் மாடியை விடுதியாக்குகிறவரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எந்த மரம் போடலாம்? இரண்டு ஊரிலும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் தேக்கு. கேள்வியே பிழையான இடத்தில் தொடங்குகிறது என்பது என் துணிபு. கூரைக்கு நேர் கீழே போடும் பலகையின் ஆயுள், அதில் தங்கியிருக்கும் ஈரத்தையும் அதை அறுத்த விதத்தையும் தலைக்கு மேலுள்ள கூரையையும் பொறுத்தது. மரத்தின் பெயர் அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. இலங்கையும் தென்னிந்தியாவும் இந்த வேலையைச் செய்யும் முறைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும்.

இப்படி மாற்றப்படும் கூரையடித் தளங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இலங்கையின் மலைநாட்டில் இருக்கின்றன. தேயிலைத் தொழிற்சாலைகளில், மலையக மக்கள் ஸ்டோர் என்று சொல்லும் அந்த உயர்ந்த தகரக் கட்டடங்களில், மேல்மாடிகள் முழுவதும் கொழுந்து வாட்டுவதற்காகக் கட்டப்பட்டவை. வரிசையாக யன்னல்கள், நீளமான மரத்தளம், கீழிருந்து மேலேறும் சூடான காற்று. காற்றை ஊதி வாட்டும் நீண்ட தொட்டிகள் வந்த பிறகு இத்தனை மாடிகளுக்கு வேலை இல்லாமற்போயிற்று. நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் ஹெதர்செட் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலானபோது, கொழுந்து வாடிய அந்த மாடிகளே விருந்தினர் அறைகளாயின. நீலகிரியிலும் மூணாறிலும் இதே வகைக் கட்டடங்கள் உண்டு. பல பத்தாண்டுகள் சூடும் வறட்சியும் கண்ட தளத்தில் திடீரென்று குளியலறையும் வெந்நீர் ஆவியும் ஈரத் துவாலையும் வந்து சேர்ந்தால் பலகை என்ன செய்யும்? ஈரத்தைக் குடித்து உப்பும். இந்த மாற்றத்தை எண்ணிப் பார்க்காமல் பலகை வாங்கப் போவதுதான் இரு நாட்டிலும் நடக்கும் முதல் தவறு.

மரம் கிடைக்கும் வழியில் இரு நாடுகளும் வெகுவாக வேறுபடுகின்றன. இலங்கையில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது 1990இலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. எனவே மரக்காலைக்கு வருவது பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்து மரமும், அரச மரக் கூட்டுத்தாபனம் விற்கும் தோட்டத் தேக்கும், பிரித்தானியர் காலத்திலிருந்து நட்டு வளர்த்த மஹோகனியும். முதிரை, பாலை, சமண்டலை போன்ற வன்னிக் காட்டு மரங்கள் அருகிவிட்டன. பலா இன்னும் இருக்கிறது. ஆனால் அது சோறு போடும் மரம் என்பதால் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெறாமல் தறிக்க முடியாது. ஈரப்பலாவும் பெண்பனையும் அதே சட்டத்தின் காவலில் நிற்பவை. இந்தக் கட்டுப்பாட்டை நான் மனதார வரவேற்கிறேன். வைரம் பாய்ந்த பலாவைக் கறையான் எளிதில் தொடாது. வெட்டியபோது மஞ்சளாயிருக்கும் பலகை ஆண்டுகள் போகப் போகத் தேன் நிறமாகிப் பிறகு பழுப்பாகும். இலங்கையின் கூரையடி அறைக்குத் தேக்கைவிடப் பலாவையே நான் முன்னுக்கு வைப்பேன்.

இந்தியாவில் கதை வேறு. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் இட்ட ஆணை காட்டு மரம் வெட்டுவதை இறுக்கிப் பிடித்தது. 2014இல் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியதும், பர்மா தேக்கு என்ற பெயரில் செட்டிநாடு தொடங்கிச் சென்னை வரை பரவியிருந்த பழக்கத்தின் வேர் அறுந்தது. இன்று மர டிப்போக்களில் கானா, ஈக்குவடோர், பிரேசில் தோட்டங்களிலிருந்து வந்த இளந்தேக்கு நிறைய அடுக்கியிருக்கிறது. நிலம்பூர்த் தேக்குக்கு மதிப்பு குறையவில்லை. 1840களில் அங்கே மாவட்ட ஆட்சியர் கொனலி தொடங்கிய தேக்குத் தோட்டம் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தத் தேக்கின் விலை ஒரு முழுத் தளத்துக்குக் கட்டுப்படியாவதில்லை. தோட்டத்து இளந்தேக்கில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. வெள்ளைப் பகுதியைப் பூச்சி தின்னும். தேக்கு என்ற பெயருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வீணாவது இங்கேதான். கேரளத்தில் அயனியும் பலாவும் தலைமுறைகளாக மச்சுப் பலகையாக இருந்திருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்குகிறவர்கள் இப்போது குறைவு.

இரு நாட்டிலும் இன்னொரு வழி இருக்கிறது: பழைய மரம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இடிக்கப்பட்ட வீடுகளின் தூணும் கதவும் உத்தரமும் விற்பனைக்குக் கிடக்கின்றன. மட்டாஞ்சேரியின் யூதர் தெருவிலும் அப்படித்தான். இந்த மரம் கடலும் தாண்டியிருக்கிறது. கொழும்பில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா தமக்கென்று அமைத்துக்கொண்ட வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. நூறாண்டு வீட்டுக்குள் இருந்த உத்தரத்தை அறுத்துப் பலகையாக்கினால் அது புது மரத்தைப்போல் முறுகுவதில்லை. முதிர்ந்த மரத்தின் நெருங்கிய வளையங்கள் அதில் இருக்கின்றன. தொழிலளவில் இதைவிடச் சிறந்த பலகை இல்லை. ஆனாலும் இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பழைய மரத்துக்கு விலை ஏற ஏற, நின்றுகொண்டிருக்கும் வீட்டைவிட இடித்த வீட்டுக்கு மதிப்பு கூடுகிறது. செட்டிநாட்டில் பங்காளிகள் பலராய்ப் பிரிந்து பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு இது நேரடி ஆபத்து. காலிக் கோட்டை 1988இல் உலக மரபுச் சின்னமானதால் அங்கே இடிப்பதற்கும் மாற்றுவதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் உரிமையாளர்கள் தம் வீட்டுப் பலகையையே கழற்றிச் சீவி மறுபடி போடுகிறார்கள். பழைய மரத்தைப் பயன்படுத்தும் நேர்மையான முறை அதுதான். வேறொருவர் வீட்டை இடித்து வந்த மரம் என்றால், அந்த வீடு எப்படிப் போயிற்று என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஈரம். மரம் வெட்டுண்ட பிறகும் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காலியில் ஆண்டு முழுவதும் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அந்தக் காற்றில் பலகையின் ஈரம் 15, 16 சதவீதத்தில் நிலைத்துவிடும். அதற்குக் கீழே, எத்தனை மாதம் நிழலில் அடுக்கி உலர்த்தினாலும், இறங்காது. பெங்களூரில் நிலைமை நேர்மாறு. மார்ச் மாதத்தில் அதே பலகை 8, 9 சதவீதத்துக்கு இறங்கி, ஆகஸ்ட் மழையில் 15ஐ நெருங்கும். அதாவது இலங்கையின் தென்மேற்குக் கரையில் மரம் ஈரமாக ஆனால் அமைதியாக இருக்கிறது. அங்கே பயப்பட வேண்டியது பூஞ்சணத்துக்கும் கறையானுக்கும். தக்காண மேட்டில் மரம் ஆண்டுதோறும் சுருங்கி விரிகிறது. காலியின் பழைய டச்சு வீடுகளில் அகலமான பலகைகள் வாய் பிளக்காமல் கிடந்ததற்குக் கரையோரத்தின் அந்த அமைதியே காரணம்.

குளிரூட்டி வந்ததும் இந்த அமைதி கெட்டது. மூடிய அறையில் காற்றின் ஈரப்பதம் 50, 55க்கு இறங்குகிறது. பலகையின் ஈரமும் 9, 10க்குப் போய்விடுகிறது. கணக்குப் பாருங்கள். சாதாரணமாக அறுத்த 150 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகை 6 சதவீத ஈரத்தை இழந்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஒடுங்கும். நான்கு மீட்டர் அகல அறையில் மொத்தம் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளியாகப் பிரிந்து போகும். மர வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்திருந்தால் இந்த ஒடுக்கம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். இலங்கையின் மொறட்டுவையில் கைதேர்ந்த தச்சர்களான ஓடாவிமார் இருந்தும், காற்றில் உலர்ந்த பலகையைக் குளிரூட்டிய அறையில் அடித்துவிட்டு, அடுத்த வருடம் இடுக்குகளில் மரத்தூளும் பசையும் அடைக்கிறார்கள். ஓடாவியின் கைவேலையில் குறை இல்லை. சூளையில் உலர்த்திய மரத்தை அவர் கையில் கொடுக்காததுதான் குறை.

இங்கே இந்தியா ஒரு படி முன்னே நிற்கிறது. ஐ.எஸ். 287 என்ற இந்தியத் தர விதி, காற்றின் ஈரப்பதத்தை வைத்து நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, தளப் பலகைக்கும் கதவுக்கும் மேசை நாற்காலிக்கும் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று தனித்தனியாகச் சொல்கிறது. சென்னைக்கும் ஜெய்ப்பூருக்கும் ஒரே பலகை பொருந்தாது என்பதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நடைமுறையில் சிறு டிப்போக்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆனாலும் கேட்கிறவருக்குக் கையில் பிடிக்க ஓர் எண் இருக்கிறது. இலங்கை போன்ற சிறிய தீவிலும் காலிக்கும் நுவரெலியாவுக்கும் வவுனியாவுக்கும் இடையே காற்று எவ்வளவோ மாறுகிறது. மரக்காலையில் அதைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 மில்லிமீட்டர் தேக்குப் பலகை சதுர மீட்டருக்கு 13 கிலோ அளவில்தான் வரும், அது பெரிதல்ல. மேலே நடமாடும் ஆட்களும் கட்டிலும் அலுமாரியும்தான் பாரம். வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு தாங்க வேண்டும் என்கிறது இந்திய விதி. இலங்கைப் பொறியியலாளர்கள் நெடுங்காலம் பின்பற்றிய பிரித்தானிய விதி 150 கேட்டது. மூட்டை அடுக்கிய பண்டகசாலையின் உத்தரங்களுக்கு இது விளையாட்டு. உட்கூரையை மட்டும் தாங்கப் போட்ட மரங்களுக்கு இது முடியாத காரியம். தாங்குமரங்கள் 450 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் 20 மில்லிமீட்டர் பலகை காலடியில் துள்ளும். இடையில் மரம் சேர்க்கும் செலவை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கூரை விடயத்தில் இலங்கையின் ஒரு வழக்கம் எனக்குப் பிடித்தது. பீலி ஓட்டுக்கு அடியில் நெளிவான சீமெந்துத் தகடு போடுவதைப் பாவாவின் வீடுகள் பரவலாக்கின. தென்மேற்குப் பருவக்காற்று ஓட்டின் இடுக்கில் அடித்து ஏற்றும் சாரல் அந்தத் தகட்டிலேயே வடிந்துவிடும். இன்று கல்நார் கலக்காத தகடாகப் பார்த்து வாங்க வேண்டும். கேரளத்தில் மங்களூர் ஓட்டுக்குக் கீழே இன்னொரு வரிசை உள் ஓடு போடுவார்கள். அது வெயிலை நன்றாகத் தடுக்கும், சாரலை முழுவதும் தடுக்காது. எந்த முறையானாலும் ஒரு முழு மழைக்காலம் கூரை ஒழுகாமல் நின்றதைக் கண்ட பிறகே பலகை இறக்க வேண்டும். பலகை போட்ட பிறகு கூரையில் கை வைக்கிறவர்கள் இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்கிறார்கள்.

போடும் முறையில், சென்னை, பெங்களூர் ஒப்பந்தக்காரர்கள் பலர் தாங்குமரத்தின் மேல் ஒட்டுப்பலகை விரித்து அதன்மேல் மரப்பலகையைப் பசையிட்டு ஒட்டுகிறார்கள். சத்தம் குறையும், தூசி கீழே உதிராது. ஆனால் பசையிட்ட பலகையை நாளை கழற்றி மறுபடி போட முடியாது. இலங்கையில் மேலிருந்து திருகாணி பூட்டி, துளையை அதே மரத்துண்டால் அடைக்கும் வழக்கம் உண்டு. நாக்கும் காடியுமாக இழைத்து, நாக்கின் மேல் சாய்வாக ஆணி அடித்தால் முகத்தில் எதுவும் தெரியாது. கழற்றக்கூடிய இந்த இரண்டு முறைகளையே நான் சொல்வேன். சுவரோரம் 12 மில்லிமீட்டர் விட்டு, அதை ஓரப்பலகையால் மூடினால் போதும். அடிப்பதற்கு முன் இரண்டு வாரமாவது பலகையை அந்த அறையிலேயே, குளிரூட்டி ஓடும் அறையென்றால் அதை ஓடவிட்டே, இடைக்குச்சி வைத்து அடுக்கியிருக்க வேண்டும்.

எனக்கு அமையுமானால், கரையோரத்தில் பலாவோ வீட்டுப் பழம் பலகையோ, மலையில் ஒடுக்கமாக அறுத்த மஹோகனியோ, தக்காணத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேற்படாத வைரத் தேக்கோ போடுவேன். புதுப் பலகை எதுவானாலும் சூளையில் உலர்ந்து வந்ததாக இருக்க வேண்டும். நீங்கள் பலகை வாங்கப் போகும் நாளில் ஈரம் அளக்கும் சிறு கருவியைக் கையோடு கொண்டு போங்கள். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை உருவித் தரச் சொல்லி, கண் முன்னே அளந்து, எண் உங்கள் அறைக்குப் பொருந்தினால் மட்டும் காசைக் கொடுங்கள்.