படம் கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மலிவான டேட்டா ரெக்கவரி மென்பொருள் எது என்று தேடினால் வருகிற பட்டியல்கள் எல்லாம் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கின்றன: எத்தனை கோப்பு மீண்டது? இந்த அளவுகோலே தப்பு என்பது என் கட்சி. நான் அதைத் தெரிந்துகொண்டது ஆதிச்சநல்லூர்ப் படங்களைத் தொலைத்த பிறகு.

பென் டிரைவ் என்று நினைத்து, 1 டிபி எக்ஸ்டர்னல் டிரைவுக்கு குயிக் ஃபார்மேட் கொடுத்துவிட்டேன். முழுக்க என் தப்பு. உள்ளே இருந்தவை மழைக்குப் பிறகு பரம்பின் மேல் தெரிகிற கருப்பு சிவப்பு ஓடுகளின் படங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்துவிட்டு, ஓட்டைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவேன். பாதுகாக்கப்பட்ட இடம், எடுக்கவும் கூடாது. திருநெல்வேலி – திருச்செந்தூர் ரோடு அந்தப் பரம்பை ஊடறுத்துப் போகிறது. ஒரு ஓடு ரோட்டுக்கு எந்தப் பக்கம் கிடந்தது என்பது ஃபோல்டர் பெயரில் மட்டும்தான் இருந்தது. பழைய கேமரா, ஜிபிஎஸ் கிடையாது.

முதலில் ரெக்யூவா. இலவசம், பார்க்கவும் எளிது. நேற்று அழித்ததை இன்று எடுக்க இது போதும். ஃபார்மேட் ஆன டிரைவில் 'டீப் ஸ்கேன்' போடவேண்டி வந்தது, படங்கள் வெறும் எண்களோடு வந்தன.

அடுத்து போட்டோரெக். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய கட்டற்ற மென்பொருள், ஒரு பைசா செலவில்லை. கருப்புத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கேட்கிற கேள்விகள் நாலைந்துதான். ராத்திரி முழுக்க ஓடி, காலையில் நான் எடுத்ததைவிட அதிகப் படங்களைக் கொட்டியிருந்தது! எப்போதோ அழித்த கல்யாணப் படங்களும் சேர்ந்து வந்திருந்தன. பட்டியல்காரர்கள் கணக்கில் இதுதான் முதலிடம். ஆனால் இது டிரைவின் பொருளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு ஜேபெக் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துக்கொண்டு தரவைத் துழாவி வெட்டி எடுக்கிறது. அதனால் பெயரும் போச்சு, ஃபோல்டரும் போச்சு. எல்லாம் 'எஃப்' என்ற எழுத்தும் நீள எண்ணுமாக நிற்கின்றன.

தாழிக் காட்டில் வேலை செய்கிற யாருக்கும் இது புதுசில்லை. 1876இல் யாகோர் இங்கே தோண்டி எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தோண்டிய அலெக்சாண்டர் ரீ தன் பொருட்களைப் பட்டியல் போட்டு 1915இல் புத்தகமாக்கினார். நாம் இன்றும் புரட்டுவது ரீயின் பட்டியலைத்தானே? ஓடு கையில் இருந்தாலும், எங்கே கிடந்தது என்று தெரியாவிட்டால் அது அலமாரிக்குத்தான் ஆகும்.

எனக்கு உதவியது டிஎம்டிஇ. என்டிஎஃப்எஸ் டிரைவில் குயிக் ஃபார்மேட் போட்டால் பழைய கோப்புகளின் பதிவேடு முழுசாக அழிவதில்லை. தொடக்கத்தில் கொஞ்சம் மேலெழுதப்படும், மீதி அப்படியே கிடக்கும். இந்த மென்பொருள் அதைத் தேடி பழைய ஃபோல்டர் மரத்தைத் திரும்ப நிறுத்துகிறது. முகப்பு கரடுமுரடு, முதல் அரைமணி நேரம் ஒன்றும் புரியாது. இலவசப் பதிப்பில் ஒரு தடவைக்கு 4,000 கோப்புகள் வரை எடுக்கலாம், ஆனால் திறந்திருக்கிற ஒரு ஃபோல்டரில் இருப்பவற்றை மட்டும். ஃபோல்டர் அமைப்போடு மொத்தமாக எடுக்கத்தான் காசு. என்னிடம் அறுபது ஃபோல்டருக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து, அதே பெயரில் இன்னொரு டிஸ்கில் ஃபோல்டர் போட்டு இறக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. நூறு, இருநூறு ஃபோல்டர் இருந்தால் காசு கொடுத்துவிடுவேன், அது நியாயமான செலவு.

பளபளப்பான கட்டண மென்பொருட்களில் சில, மாதச் சந்தாவைக் குறைந்த விலை போலக் காட்டித் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். எதற்கும் காசு கட்டும் முன் இலவச ஸ்கேனை ஓட்டி, நம் ஃபோல்டர் பெயர் தெரிகிறதா, நாலு படம் முன்னோட்டத்தில் திறக்கிறதா என்று பாருங்கள். "98,000 கோப்புகள் கிடைத்தன" என்று பச்சையில் எழுதிக் காட்டினால் மயங்கவேண்டாம், அதில் பாதி பிரவுசர் குப்பையாக இருக்கலாம்.

மீட்பதை அதே டிரைவில் எழுதக்கூடாது, மென்பொருளையும் அதில் நிறுவக்கூடாது. எஸ்எஸ்டி என்றால் ட்ரிம் வேலை செய்துவிட்டிருக்கும், அழிந்தது பெரும்பாலும் வராது. டிரைவ் டிக் டிக் என்று சத்தம் போட்டால் எந்த மென்பொருளையும் ஓட்டாமல் கழற்றி வையுங்கள்.

கடைசியில் முப்பத்தொரு படங்களுக்கு ஃபோல்டர் கிடைக்கவில்லை. அவை போட்டோரெக் குவியலில் இருந்தன. எக்ஸிஃப் தேதியை வைத்து எந்த நாள் எடுத்தவை என்று பிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறேன். அவற்றை 'பக்கம் தெரியாது' என்று தனி ஃபோல்டரில் போட்டிருக்கிறேன்.