கருகிய கஞ்சி

ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிராண்ட்டே 1847-இல் வெளியிட்ட 'ஜேன் அயர்' பெரும்பாலோரால் ஒரு காதல் கதையாகவே படிக்கப்பட்டு வருகிறது. அதன் தொடக்க அத்தியாயங்களில் வரும் லோவுட் பெண்கள் விடுதிப் பள்ளியையே நாம் ஈண்டு ஆராயப் புகுகிறோம். பெண் மக்களை விடுதியில் விட்டுப் படிக்கவைக்கும் பெற்றோர் தவறாது படிக்கவேண்டிய பகுதி அது.

லோவுட் முற்றும் கற்பனையன்று. பாதிரியாரின் மகளான நூலாசிரியை, 1824-இல் தம் எட்டாம் வயதில், கோவன் பிரிட்ஜ் என்னும் ஊரில் பாதிரிமார்களின் புதல்வியர்க்கென நடந்த விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அங்கிருந்து நோயுற்று வீடு திரும்பிய அவருடைய தமக்கையர் மரியாவும் எலிசபெத்தும் 1825-இல் காசநோயால் மாண்டனர்.

கதையில் பள்ளியின் நிர்வாகி பிராக்கிள்ஹர்ஸ்ட் என்பவர். காலைக் கஞ்சி கருகி, எவராலும் உண்ண இயலாதுபோன ஒருநாள், தலைமையாசிரியை மிஸ் டெம்பிள் பிள்ளைகளுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வழங்குகிறார். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளும் நிர்வாகி, பசி ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் என உபதேசிக்கிறார். மாணவியரின் கூந்தலை வெட்டுமாறு அவர் ஆணையிடும் வேளையில், பட்டும் வெல்வெட்டும் அணிந்து, சுருட்டிவிட்ட கூந்தலுமாக அவர்தம் மனைவி மக்களே உள்ளே நுழைகின்றனர்! பின்னர் டைபஸ் காய்ச்சல் பரவி, 80 மாணவியருள் 45 பேர் ஒரே சமயத்தில் படுக்கையில் வீழ்கின்றனர்.

இது சமயத்தைத் தாக்கும் எழுத்தா? அன்று என்பதே நம் முடிபு. ஹெலன் பர்ன்ஸ் என்னும் மாணவியின் இறைநம்பிக்கையை நூலாசிரியை எத்துணை மதிப்போடு வரைந்துள்ளார்! ஹெலனின் சபூர் அவள் தானே மேற்கொண்டது. நிர்வாகி போதிக்கும் சபூரோ பிறர் வயிற்றின்மீது சுமத்தப்படுவது. முன்னது பொறுமை, பின்னது கொடுமை. இவ்வேறுபாட்டை நெஞ்சில் பதியவைப்பதே இப்பகுதியின் சிறப்பு.

ஆயினும் நமக்கு ஒரு குறை உண்டு. நோய்க்குப் பின் விசாரணை நடந்ததும், புதிய கட்டடம் எழுந்ததும், உணவும் உடையும் திருந்தியதும் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. பழைய நிர்வாகி பொருளாளராக நீடித்தாலும், இரக்கமுள்ள வேறு சிலர் அவருடன் சேர்க்கப்பட்டனர் என்னும் அரிய செய்தியும் அவற்றுள் அடங்கிப்போகிறது. ஜேன் அங்கே மேலும் ஆறாண்டு பயின்று, ஈராண்டு கற்பித்த வரலாறும் அவ்வாறே. பள்ளி கெட்டிருந்த நிலையை நுணுக்கமாகக் காட்டியவர், அது திருந்திய வழியையும் விரித்திருக்கலாகாதா? விடுதி நடத்துவோர்க்கு அதுவன்றோ பெரிதும் பயன்படும்!

பிள்ளைகள் நம் அமானிதம். விடுதியைப் பார்க்கச் செல்லும் பெற்றோர், பாட அட்டவணையைக் கேட்பதோடு நில்லாது, சமையற்கூடத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்து வருவார்களாக!