வேம்பும் தோட்டப் பெயரும்: நெகிரி செம்பிலான் தோட்டச் செய்திகளில் அகமும் புறமும்

முன்னுரை

செய்தி ஒன்றில் தொடர்புடையவரின் பெயரை மறைத்துவிட்டால் அவருடைய அந்தரங்கம் காக்கப்பட்டுவிட்டது என்பது இதழியல் துறையில் வேரூன்றிய எண்ணம். பெருநகரத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஓரளவு பொருந்தலாம். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களிலுள்ள தோட்டங்களுக்கு இது பொருந்துமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. அந்தரங்க உரிமைக்கும் பத்திரிகைச் சுதந்திரத்திற்கும் இடையிலான முரணைச் சட்ட அறிஞர்கள் பலர் ஆராய்ந்துள்ளனர். அம்முரண் தோட்டத்துச் சூழலில் வேறொரு வடிவம் கொள்கிறது என்பது நம் கருத்து. அதனை விளக்கத் தமிழ் இலக்கண மரபிலுள்ள அகம், புறம் என்னும் பாகுபாடு பெரிதும் துணைபுரிகிறது.

பெயர் சுட்டாமையும் வேப்பந்தழையும்

அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிக் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த விதி. புறத்திணையில் பெயர் சுட்டலாம். கொடையும் வீரமும் கொடுங்கோன்மையும் உரியவர் பெயரோடே பாடப்பெறும். இவ்விதியின் நுட்பத்தை அறிய நெடுநல்வாடை குறித்த உரையாசிரியர் விவாதம் சிறந்த சான்றாகும். பிரிவால் வருந்தும் அரசியையும் பாசறையில் உறங்காத அரசனையும் பாடும் அப்பாட்டில் நக்கீரர் எவர் பெயரையும் கூறவில்லை. ஆயினும் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டப்பட்டிருந்த செய்தி அதில் வருகிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ; ஆகவே தலைவன் இன்னான் எனத் தெரிந்துவிடுகிறது; ஆகவே அது அகமாகாது, புறமே என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. இதனை மறுத்து அப்பாட்டை அகம் எனக் கொள்வாரும் உளர். நமக்கு இங்கு வேண்டுவது அவ்வுரையாசிரியர் கண்டுணர்ந்த உண்மை ஒன்றே: ஒருவரை அடையாளம் காட்டப் பெயர் வேண்டுவதில்லை, ஒரு தழை போதும்.

தோட்டத்தில் எது வேப்பந்தழை?

தோட்டத்துக் குடும்பத் துயரைக் கூறும் செய்திகளுக்கென ஒரு பொது வடிவம் உண்டு. பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயர் தரப்படுவதில்லை, வயது தரப்படுகிறது, தந்தை மரம் சீவுபவர் அல்லது மருந்து தெளிப்பவர் என்பது தரப்படுகிறது, தோட்டத்தின் பெயரும் தரப்படுகிறது. சில நேரங்களில் லயத்து வீட்டின் முகப்பும் படமாகிறது. நூறு குடும்பங்கள்கூட இல்லாத ஒரு குடியிருப்பில் இவை யாவும் சேர்ந்தபின் மறைந்திருப்பது யாது? நகரத்து வாசகர்க்கு அச்சிறுமி பெயரற்றவள். அவள் நாளை முகம்கொடுக்க வேண்டிய அண்டை வீட்டார், கோயில் நிர்வாகத்தினர், வகுப்புத் தோழியர் ஆகியோர்க்கோ அவள் யாரென்பது வெளிப்படை.

2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு இவ்விடத்தில் கருதத்தக்கது. குற்றத்திற்கு உள்ளான அல்லது குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் பெயர், முகவரி, கல்வி நிலையம் ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதை அது தடைசெய்கிறது; அடையாளம் காட்ட ஏதுவாகும் பிற விவரங்களையும் தடுக்கிறது. மீறுவோர்க்குப் பத்தாயிரம் ரிங்கிட் வரை தண்டமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நெகிரி செம்பிலானில் சுவா பெத்தோங், கொம்போக், ஜெராம் பாடாங், கெடிஸ் எனத் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆகவே தோட்டத்தின் பெயரை எழுதுவது பெரும்பாலும் பள்ளியின் பெயரை எழுதுவதேயாகும். சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் கருத்தை மீறும் செய்தி முறை இது.

நீதிமன்றங்கள் வகுத்த எல்லை

நக்கீரர் பெயரையே தாங்கிய தமிழ்நாட்டு இதழ் ஒன்றின் வழக்கு இம்முரணைத் தெளிவுறுத்துகிறது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிட 1994ஆம் ஆண்டு நக்கீரன் முனைந்தது. காவல்துறை, ஆட்சித்துறை அதிகாரிகள் சிலரோடு அவர் கொண்டிருந்த தொடர்பு அதில் கூறப்பட்டிருந்தது. வெளியிடலாகாது எனச் சிறைத்துறைத் தலைவர் எச்சரிக்கை மடல் அனுப்பினார். இதழாசிரியர் இராஜகோபால் இந்திய உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அதே ஆண்டு அக்டோபர் 7இல் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு மூன்று எல்லைகளை வகுத்தது. தனிமனிதர்க்குத் தம்மைத் தனித்திருக்க விடுமாறு கேட்கும் உரிமை உண்டு. அவர்தம் ஒப்புதலின்றி அவர்தம் இல்வாழ்வை எழுதலாகாது. பொதுப்பதிவேட்டில் உள்ளதை எழுதத் தடையில்லை. ஆயினும் பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றிற்கு உள்ளான பெண்ணின் பெயர் அப்பதிவேட்டில் இருப்பினும் வெளியிடலாகாது. பொது அதிகாரியோ தம் பணி தொடர்பான செயலுக்கு அந்தரங்கத்தைக் கேடயமாக்க முடியாது. வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கவும் முடியாது. இல்வாழ்வு அகம், பதவி புறம் என்னும் பாகுபாடு இத்தீர்ப்பின் உள்ளீடாக இருப்பதைக் காணலாம்.

மலேசியச் சட்டம் இத்துணைத் தெளிவை எய்தவில்லை. பாலர் பள்ளிச் சிறார் குழுவின் படம் ஒன்று நாளிதழ் விளம்பரத்தில் வெளிவந்தது தொடர்பாக 2004இல் தீர்ப்புரைத்த உயர் நீதிமன்றம், அந்தரங்க ஊடுருவல் இந்நாட்டில் வழக்குத் தொடுப்பதற்குரிய தனிக் காரணமாகாது என்றது. 2010இல் சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், அரசமைப்பின் 5ஆம் பிரிவு கூறும் தனிமனிதச் சுதந்திரம் அந்தரங்க உரிமையையும் உள்ளடக்கும் என்றது. அதே ஆண்டு இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளை மட்டுமே ஆள்கிறது. கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்துவதில்லை. பொதுநலன் கருதிய இதழியல் பணிக்கு விலக்கும் அளிக்கிறது. வழக்குத் தொடுக்க வசதியற்ற தோட்டக் குடும்பத்திற்கு இவற்றால் விளையும் காப்பு மிகக் குறைவு.

புறம் மறைக்கப்படுதல்

இதன் மறுபக்கமே நம் கருத்தில் கடுமையான குறைபாடு. தோட்டத்தின் குடிநீர், வீடு, மருத்துவ வசதி ஆகியவை எவர்தம் அந்தரங்கமும் அல்ல. 1990ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தின்படி அவை முதலாளியின் கடமை. ஆயின் கூரை ஒழுகும் வீடு பற்றிய செய்தியில் நிறுவனத்தின் பெயர் மறைந்து ‘ஒரு தோட்டம்’ என்றாகிவிடுவதை அடிக்கடி காண்கிறோம். தோட்ட நிலம் வீட்டுமனைகளாக மாறும்போது குடியிருப்போர்க்கு என்ன வழி என்பது மாநில ஆட்சிக்குழு எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது. மாநில ஆட்சிக்குழு ஆவணங்களோ 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்டத்தின் குற்றங்களுக்குக் குறைந்தது ஓராண்டுச் சிறையைக் கட்டாயமாக்கியது. வெளியேற வேண்டிய குடும்பத்தின் அழுகை படமாகிறது. வெளியேற்றிய முடிவு இரகசியமாகிறது.

பெயர் சுட்டிப் புறம் பேசுவோர் பட்ட பாட்டிற்கு ஐரின் பெர்னாண்டஸ் வழக்கு சான்று. குடிநுழைவுத் தடுப்பு முகாம்களின் நிலை பற்றி 1995இல் அறிக்கை வெளியிட்ட அவர்மீது 1996இல் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ்ப் பொய்ச்செய்தி வெளியிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. 2003இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2008இல்தான் அவர் விடுதலை பெற்றார். தோட்டங்களில் இன்று பெரிதும் உழைக்கும் அயல்நாட்டுத் தொழிலாளரை எண்ணுங்கால் இவ்வழக்கின் பாடம் பழமைப்பட்டதன்று.

இரண்டும் கலக்கும் இடம்

எல்லா நிகழ்வுகளும் அகம், புறம் எனத் தெளிவாகப் பிரிவதில்லை. 1998, 1999ஆம் ஆண்டுகளின் நிப்பா நோய்ப் பரவலில் 265 பேர் நோயுற்றனர்; 105 பேர் இறந்தனர். தொடக்கத்தில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டது. போர்ட்டிக்சன் மாவட்டத்துப் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தைச் சேர்ந்த சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே கிருமிக்கு நிலைத்துவிட்டது. நோய் பரவும் இடத்தை அறிவிப்பது அன்று உயிர் காக்கும் கடமை. அதனை மறைத்திருந்தால் பெருந்தவறாகியிருக்கும். ஆயினும் ஓர் ஊரின் பெயர் நோயின் பெயராக என்றும் நிற்பது வேறு. புதிய நோய்களுக்கு இடப்பெயர் சூட்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது இதனால்தான். ஒரே ஊர்ப்பெயர் ஒருபொழுது காப்பாகவும் மற்றொருபொழுது வடுவாகவும் அமையக் காண்கிறோம்.

இன்னும் கடினமான நிலை ஒன்றுண்டு. சிறுமிக்குத் தீங்கிழைத்தவர் தோட்டத்திலோ பள்ளியிலோ பொறுப்பில் இருப்பவர் எனின், இடத்தை மறைப்பது அவரையும் காக்கும் என இதழாளர் வாதிடுவர். இவ்வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் பொறுப்பு வகித்தவரின் பதவியையும் நிறுவனத்தின் தவற்றையும் தனிச் செய்தியாக, சிறுமியின் வயதோ குடும்ப விவரமோ இன்றி எழுத இயலும். இரண்டையும் ஒரே பத்தியில் சேர்ப்பதே தழையை வேலில் கட்டுவதாகும். அவ்வாறு பிரித்தும் அடையாளம் வெளிப்படுமாயின், வழக்கு நடைபெறும் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்வதே முறை.

முடிவுரை

பெயரை மறைப்பது மட்டும் அந்தரங்கக் காப்பாகாது. பெயரை வெளியிடுவது மட்டும் பத்திரிகைச் சுதந்திரமாகாது. துயருற்றவர் செய்தியில் தோட்டத்தின் பெயர் மறைய வேண்டும். கடமை தவறியவர் செய்தியில் அது நிறுவனத்தின் பெயரோடு வெளிப்பட வேண்டும். நடைமுறை பலகாலும் இதற்குத் தலைகீழாக இருப்பதே நம் குறை. 2025ஆம் ஆண்டு மலேசிய ஊடக மன்றச் சட்டம் ஊடக நடத்தை நெறிகளை வகுக்க வழிசெய்துள்ளது. சிறு குடியிருப்புகளில் இடப்பெயரும் அடையாளமே என்பதை அந்நெறிகளில் சேர்க்குமாறு தமிழ் இதழாசிரியர்கள் வலியுறுத்தலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. தோட்டத்தில் துயரம் நிகழ்ந்த மறுநாள் செய்தியாளர் முதலில் தேடிவருவது பெரும்பாலும் பள்ளியையே. வகுப்புப் படத்தைக் கேட்பவரிடம் அதனைத் தர மறுக்கவும், பள்ளிக்குக் குடிநீர் வராததைக் கேட்பவரிடம் பொறுப்பாளர் இன்னார் எனக் கூறவும் ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். அகத்திணையையும் புறத்திணையையும் மாணவர்க்குக் கற்பிப்போர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று.