நஞ்சியம்மாவும் சுருதிப் பெட்டியும்

2022 ஜூலையில் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. சிறந்த பின்னணிப் பாடகி அட்டப்பாடியின் நஞ்சியம்மா என்றதும் கேரளத்து இசைக்காரர் ஒருவர் கேட்டார்: ஒரு மாதம், ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தாலும் இந்த அம்மாளால் ஒரு சாதாரணப் பாட்டைச் சுருதி சேர்த்துப் பாட முடியுமா? இசையே வாழ்க்கையாக இருப்பவர்களுக்கு இது அவமதிப்பில்லையா? வேறு பல இசைக் கலைஞர்கள் நஞ்சியம்மாவின் பக்கம் நின்றார்கள். அவர் உள்ளத்திலிருந்து பாடுகிறார் என்ற தொனியில்தான் அந்த ஆதரவில் பெரும்பகுதி இருந்தது. எனக்கு இந்தப் பதிலும் உவப்பாயில்லை. சுருதி இல்லை என்கிறவரிடம், உள்ளம் இருக்கிறதே என்று சொல்வது, குற்றத்தை ஒப்புக்கொண்டு கருணை மனுப் போடுகிற காரியம்.

பாட்டைக் கேட்டுவிட்டுப் பேசலாம். சச்சி இயக்கிய 'அய்யப்பனும் கோஷியும்' 2020இல் வந்தது. இசை ஜேக்ஸ் பிஜாய். 'கலக்காத்த' என்ற பாட்டுக்குச் சொற்களும் குரலும் நஞ்சியம்மாவுடையவை. மொழி இருளம். கிழக்கே சந்தன மரம் பூத்திருக்கிறது, பூப் பறிக்கப் போவோமா, விமானத்தைப் பார்ப்போமா என்று போகிறது. அடி முடிகிற இடத்தில் இந்தக் குரல் ஒரு ஸ்வரத்தில் போய் நிற்பதில்லை, பேச்சில் இறங்கிவிடுகிறது. இறங்குவதற்கு முன் ஒரு சிறு தயக்கம். அந்தத் தயக்கம் ஆர்மோனியத்தின் கட்டைகளுக்கு நடுவில் எங்கோ இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கிறது. தவறிப் பாடுகிறவர் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தவறுவதில்லை. கொகலையும் பொறையையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அவற்றின் சுருதிதான் சுருதி. இது கரிசனத்தில் சொல்வதில்லை. காதால் கேட்டுச் சொல்வது.

சுருதிச் சண்டையில் அடிபட்டுப் போனது வேறொரு விஷயம். நாட்டுப் பாடல் என்று சொன்ன மாத்திரத்தில் அதற்கு ஆசிரியர் கிடையாது, தொன்றுதொட்டு வருவது என்று நம் மனம் தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்க மலைநாட்டுப் பாட்டின் கதை இதற்கு நேர் எதிர். 1927இல் விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் பிரிஸ்டல் என்ற சிற்றூரில் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். அங்கே பாடிய கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் பிறகு மலை மலையாக அலைந்து, ஊரார் பாடிய பாட்டுகளைச் சேகரித்துத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டார். ஊர்ப் பாட்டு அங்கே ஒருவர் பாட்டாயிற்று. இங்கே ஒருத்தி இட்டுக்கட்டியதை ஊர்ப் பாட்டாக்கிவிடுகிறோம். தொன்மை, ஆதிக்குரல் என்றெல்லாம் எழுதியவர்கள் அந்த விமானத்தை எப்படித் தாண்டிப் போனார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆதியில் விமானம் ஏது? ஆடு மேய்த்துக்கொண்டு அண்ணாந்து பார்த்த ஒருத்தி, தன் காலத்தில், தான் கண்டதைப் பாட்டில் வைத்திருக்கிறாள். படத்தில் பாடலாசிரியர் என்று அவர் பெயரே போடப்பட்டிருக்கிறது. விருது மட்டும் குரலுக்கு. பாடலாசிரியர் விருது அவ்வருஷம் ஓர் இந்திப் படத்துக்குப் போயிற்று. அந்தச் சொற்களைக் கவிதை என்று எடுத்துக்கொண்டு பேச எந்தப் பத்திரிகையும் முன்வந்ததாக நான் பார்க்கவில்லை, நம்முடையது உட்பட.

பின்னணி என்ற சொல்லும் இங்கே பொருந்தாது. இந்தக் குரலுக்கு வாயசைக்க முன்னணியில் நடிகை யாரும் இல்லை. 'ஆண்பாவம்' படத்தில் (1985) கொல்லங்குடி கருப்பாயி தானே தோன்றித் தானே பாடியது நினைவுக்கு வருகிறது. ஆனால் தமிழ் சினிமாவுக்குக் கிராமியக் குரல் ஒரு பண்டம். திருவிழாக் காட்சிக்கு வேண்டும், மறுநாள் வேண்டாம். நஞ்சியம்மா பல காலம் அட்டப்பாடிக் கலைஞர் பழனிசாமியின் குழுவில் பாடிவந்தவர். ஒலிப்பதிவில் நம் கைக்கு வந்திருப்பது மிகச் சில பாட்டுகள். இதை இசை வாழ்க்கை என்று அளந்தால் ஒரு முழமும் தேறாது. ஒலிப்பதிவுக்கு வெளியே உள்ளதுதான் வாழ்க்கை. விருதுக்குப் பிறகும் அகளியில் குடும்ப நிலத்துக்காக அவர் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

கோவைக்காரர்களாகிய நமக்கு இதில் ஒரு தனிப்பட்ட சங்கடம் உண்டு. கொடுமுடியிலிருந்து ஒரு சுந்தராம்பாளை இசைத்தட்டுக்குத் தந்த நாடு இது. எழுபதுகளில் இங்கிருந்து வந்த வானம்பாடிகள் மக்கள், மக்கள் என்று உரத்துப் பாடினார்கள். எதிரணியில் நின்றவர்கள் அதில் கவித்துவம் இல்லை என்று எழுதினார்கள். இரு சாராரும் குடித்தது அட்டப்பாடிப் பக்கத்துச் சிறுவாணித் தண்ணீர். ஆனைகட்டிக்கு நகரப் பேருந்து போகிறது. அங்கிருந்து எல்லையைத் தாண்டினால் அட்டப்பாடி. அப்படியிருந்தும் ஒரு மலையாளப் படம் கொச்சியைச் சுற்றிக்கொண்டு வந்து சொன்ன பிறகே நமக்கு இந்தப் பெயர் தெரிந்தது. மலையாளிக்கு இந்தப் பாட்டுக்கு உரை வேண்டியிருந்தது. எனக்கு முதல் தடவையே பாதி புரிந்தது; மீதிப் பாதி மூன்றாம் தடவை. சந்தனம், பூ, பறிப்பது எல்லாம் நம் வீட்டுச் சொற்கள், வேறு வாயில்.

அந்த விமானம், அட்டப்பாடி மேட்டிலிருந்து பார்க்க, பெரும்பாலும் பீளமேட்டில் இறங்கப் போவதாக இருக்கும்.